வெளி ஈசியு போடப் போகிறவர்கள் கவனத்துக்கு: 1,35,000 ரூபாய் கொடுத்து இன்ஜினை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வெளி ஈசியு என்றால் இன்ஜினின் ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்த வெளியில் வாங்கி மாட்டுகிற கம்ப்யூட்டர். நேற்று சாயங்காலம் என் மாருதி எஸ்டீம் காரின் இன்ஜின் ஹெட்டைக் கழற்றினார்கள். மூன்றாவது பிஸ்டனின் ஓரம், மேல் ரிங் உட்காரும் இடத்தில், ஒரு துண்டு உடைந்து போயிருக்கிறது. அந்த சிலிண்டரின் பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவின மாதிரி அலுமினியப் பொடி ஒட்டியிருக்கிறது. பிஸ்டன் உருகித் தெறித்த பொடி.

கோவைக்கு வெளியே இருக்கும் ஒரு டியூனிங் ஒர்க்‌ஷாப்தான் வேலை செய்தது. பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு, கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல்லுக்கான இடத்தில் ஒன்று மட்டும் இல்லாதது), சென்சார், காயில் பேக், வெளி ஈசியு, புது வயரிங், டியூனிங் கூலி, எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய். முழுப் பணமும் வண்டி எடுக்கும்போதே கொடுத்தாகிவிட்டது. சுவர் முழுக்க செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் எடுத்த போட்டோக்கள், பேசினால் இன்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ஓனர், நம்பாமல் என்ன செய்வது?

பிஸ்டன் மேல் உச்சிக்கு வர எத்தனை டிகிரி இருக்கும்போது பிளக் வெடிக்கிறது என்பதுதான் டைமிங். வண்டியை எடுக்கிற அன்று குறிப்பாகக் கேட்டேன், "பேஸ் டைமிங் லைட் போட்டுப் பார்த்தீங்களா?" லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்ணா, பத்து டிகிரி காட்டுது, பக்காவா நிக்குது. அதெல்லாம் பார்த்தாச்சுங்ணா, நீங்க தைரியமா ஓட்டுங்க." திரையில் 10.0 என்றுதான் இருந்தது, ஒரு புள்ளி கூட ஆடவில்லை.

அந்த எண்ணில் ஒன்றுமே இல்லை என்பதுதான் விஷயம். சக்கரத்தில் பல் இல்லாத இடைவெளி சென்சாரைக் கடக்கும்போது பிஸ்டன் மேல் உச்சிக்கு எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறது என்று ஈசியுவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அது கணக்குப் போட்டு ஸ்பார்க் விடும். நாம் தப்பாகச் சொன்னால் அதற்குத் தெரியாது, திரையில் பத்து என்றே காட்டும், உள்ளே பிளக் வேறு எங்கோ வெடிக்கும். நிஜத்தில் எங்கே வெடிக்கிறது என்று பார்க்க ஒரே வழி, சாஃப்ட்வேரில் டைமிங்கைப் பத்தில் பூட்டிவிட்டு, பிளக் வெடிக்கும்போதெல்லாம் மின்னுகிற டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டர் பிளக் வயரில் மாட்டி, புல்லிக் கோட்டில் அடித்துப் பார்ப்பது. கால் மணி நேர வேலை!

அதை இவர்கள் செய்யவே இல்லை. வேறொரு வண்டிக்குப் போட்ட கோணத்தை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள், அங்கே வேலை பார்க்கிற பையனே பிறகு போனில் வாய் தவறிச் சொன்னான். சென்சார் பிராக்கெட்டை லேத்தில் புதிதாகச் செய்து மாட்டின வண்டிக்கு இன்னொரு வண்டியின் எண் எப்படிப் பொருந்தும்?

முதலில் வண்டி நன்றாகவே இழுத்தது. பாலக்காடு ரோட்டில் நல்ல வெயிலில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினபோது கலகலவென்று ஒரு சத்தம், அப்புறம் இழுவை செத்துப்போய் ஆயில் மூடி வழியே புகை. ஊரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் புல்லிக் கோட்டில் ஒயிட்னரைத் தடவி, டைமிங் லைட்டை அடித்தார். பத்தில் பூட்டியிருக்கும்போது கோடு டிகிரி ஸ்கேலையே தாண்டி நின்றது. ஈசியுவில் அந்தக் கோணத்தை 12 டிகிரி மாற்றின பிறகுதான் கோடு பத்துக்கு வந்தது. மேப்பில், அதாவது ஈசியுவில் ஏற்றின டைமிங் அட்டவணையில், 28 என்று இருக்கிற இடத்தில் என் இன்ஜின் 40-இல் வெடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பிஸ்டன் மேலே ஏறி வரும்போதே தலையில் அடி. அது எப்படித் தாங்கும்?

இனி அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில் பெட்ரோல். "இப்ப எல்லா பங்க்லயும் இ20 தானுங்ணா, அதான் நாக்கிங்." இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதைக் குறைக்கும், கூட்டாது, இது டியூனிங் தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா? அடுத்து, "பழைய இன்ஜின்தானே." வேலைக்கு எடுக்கும் முன்னால் கம்ப்ரஷன் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதே அவர்தான். லைட் அடித்த வீடியோவை அனுப்பினேன். "வேஸ்டட் ஸ்பார்க்ல லைட் டபுளா காட்டும்ணா, உங்க மெக்கானிக்குக்குத் தெரியல." ஒரே பிளக் வேலைக்கு ஒரு தடவை, வீணாக ஒரு தடவை என்று வெடிப்பதுதான் வேஸ்டட் ஸ்பார்க். டயலைத் திருப்பி டிகிரி பார்க்கிற லைட்டில்தான் அந்தக் குழப்பம் வரும். அண்ணன் அடித்தது டயலே இல்லாத சாதா லைட், ஸ்கேலில் நேராகப் பார்த்தது. இதை எழுதி அனுப்பினதும் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தால் ஓனர் வெளியூர். அதே சாயங்காலம் இன்னொரு வண்டி டெலிவரி கொடுக்கிற வீடியோ போடுகிறார்கள், அதில் சாவியை நீட்டிக்கொண்டு நிற்பது அவரேதான்.

1,35,000 ரூபாய். இன்ஜின் வேலைக்கு இனிமேல் ஆகப்போவது தனி. ஈசியுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார்களாம், பாதிப் பணமும் கிடையாதாம், "வாரண்டி எலக்ட்ரானிக்ஸுக்கு மட்டும்தான்."

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உங்கள் கண் முன்னால் டைமிங் லைட் அடிக்கச் சொல்லுங்கள், லேப்டாப் திரையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐடிலில் மட்டும் பார்த்தால் போதாது, பூட்டு போட்ட நிலையிலேயே 3000 ஆர்பிஎம் வரை ஏற்றிக் கோடு நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள், நகர்ந்தால் சென்சாரின் இரண்டு வயரும் இடம் மாறி மாட்டியிருக்கலாம். புல்லி பழசாக இருந்தால் அதற்குள் இருக்கிற ரப்பர் நழுவிக் கோடே பொய் சொல்லும், முதல் பிஸ்டனின் உச்சியைத் தனியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏர் ஃபியூவல் மீட்டர் (காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவைக் காட்டுவது) நன்றாகக் காட்டுகிறது என்பார்கள், அதற்கும் டைமிங்குக்கும் சம்பந்தமில்லை. கடைசிப் பணத்தை லைட் அடித்த பிறகு கொடுங்கள். வைத்த கோணத்தை பில்லில் எழுதி வாங்குங்கள், என்னிடம் இருக்கிற பில்லில் "டியூனிங் சார்ஜ்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.