கல்லடியில் எங்கள் சின்னப் பாமசி: விலை கொஞ்சம் கூடினாலும் நான் இங்கேதான்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் கடந்து வந்தால், இரண்டு பேர் நின்றாலே மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டிய ஒரு பழைய பாமசி இருக்கிறது. பதினைந்து வருடமாக அம்மாவுக்கு அங்கேதான் மருந்து எடுக்கிறோம். போன மாதம் நடந்த ஒன்றுக்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

அம்மா இதய வருத்தத்துக்கு வாபரின் என்ற, இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை குடிக்கிறவ. முழங்கால் நோ கூடியதால் தனியார் இடமொன்றில் சனல் பண்ணிக் காட்டினோம். டொக்டர் கணினியில் அடித்ததும் மருந்துத் துண்டு கைக்கு வராமலே கீழே அவர்களுடைய பாமசிக்குப் போய்விட்டது, நாங்கள் இறங்குவதற்குள் பை தயார். ஒரு குளிசை மட்டும் இல்லை என்று துண்டு தந்தார்கள். அதைக் கொண்டுபோய் நம்ம கடையில் நீட்டினால், கடைக்கார ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பையையும் வாங்கிப் பார்த்தார். “மகள், அம்மா வாபரின் குடிக்கிறா தானே? இந்த டைக்ளோபெனக்கை ஆர் குடுத்தது?” டைக்ளோபெனக் நோவுக்குக் குடுக்கிற குளிசை, வாபரினோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம் என்று சொல்லி, துண்டில் இருந்த இலக்கத்துக்கு அவரே கோல் எடுத்துப் பேசினார். டொக்டரும் உடனே அதை நிறுத்தி பரசிட்டமோல் போதும் என்றார். அன்றைக்கு ஐயாவுக்குக் கிடைத்த வியாபாரம் இரண்டு அட்டை பரசிட்டமோல்.

அவரிடம் மொத்தமான ஒரு சிஆர் கொப்பி (பெரிய மட்டை போட்ட கொப்பி) இருக்கிறது. வழமையாக வருகிறவர்கள் என்ன குடிக்கிறார்கள், எது ஒத்துவராது, எல்லாம் அதில் இருக்கும். அம்மாவின் பக்கத்தில் வாபரினுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு.

இப்போது பெரிய கொம்பனிகளின் பாமசிகள் ஏசியோடும் பொயின்ற்ஸ் அட்டையோடும் விலைக்கழிவோடும் வருகின்றன. சனம் அங்கே போவதை நான் குறை சொல்லமாட்டேன், விலை விலைதான். ஆனால் அந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது? மொத்தமாக எடுக்கிறவனுக்கு மருந்துக் கொம்பனி இலவசமாக போனஸ் பெட்டி கொடுக்கும், பத்துப் பெட்டி எடுக்கிற ஐயாவுக்கு அது கிடையாது. சில குழுமங்களிடம் இறக்குமதியும் சில்லறைக் கடையும் சேர்ந்தே இருக்கிறது. 2016 இல் இலங்கையில் அரசாங்கம் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்தது நமக்கு நல்லதுதான், ஆனால் இலாபம் குறையும்போது நிறைய விற்கிறவன்தான் தாங்குவான். பதிவு செய்த மருந்தாளர் சம்பளம், அனுமதிப்பத்திரம், கரன்ட் பில் இதெல்லாம் சின்னக் கடைக்கும் உண்டு.

ரொறன்ரோவில் இருக்கிற அண்ணன் சொன்ன கதையும் இதுதான். ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட் என்ற கனடாவின் பெரிய பாமசிக் கொம்பனியை 2014 இல் லொப்லோ என்ற சுப்பர்மார்க்கெட் கொம்பனி வாங்கியது. 2024 ஜனவரியில் மனுலைப் என்ற காப்புறுதிக் கொம்பனி, விலைகூடிய விசேட மருந்துகளைப் பெரும்பாலும் லொப்லோவின் பாமசிகள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்ற மாதிரி அறிவித்தது. சனம் கொதித்த பிறகு அடுத்த மாதமே பின்வாங்கியது. இங்கே காப்புறுதி அவ்வளவு இல்லை, ஆனால் டொக்டரின் கணினியிலிருந்து கீழ்மாடிக்குப் போன அம்மாவின் துண்டும் அதே பாதையில்தான் போனது.

2022 இல் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கு ஊரெல்லாம் அலைந்தோமே, ஞாபகம் இருக்கா? ஐயா இருந்த குளிசையை ஆளுக்கு ஒரு கிழமைக்கு என்று பிரித்துக் கொடுத்தார். கூடக் காசு தருகிறேன் என்று ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். காட் மெசின் இல்லை. மத்தியானம் ஒன்றரைக்குப் பூட்டினால் மூன்றரைக்குத்தான் திறப்பார். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கியூ நீளம், ஏனென்றால் அவர் ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தாமல் விடமாட்டார். சிலது வரவழைக்க இரண்டு நாள் எடுக்கும், அதனால் மாதமருந்து முடிய ஒரு கிழமை இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இன்சுலின் எடுக்கப் போகிறவர்கள் பிளாஸ்க் கொண்டு போங்கள். மறந்தால் ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் வைத்து, நடுவில் கடதாசி மடித்து, போத்தல் ஐஸில் முட்டாமல் கட்டித் தருவார், உறைந்த இன்சுலின் பிறகு உதவாது என்றபடியால். பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவரிடம் நாலைந்துதான் இருக்கிறது.