தண்டையார்பேட்டையில் ஸ்பிளெண்டருக்கு ஆயில் மாற்றிய அனுபவம்

துபாயில் காருக்கு ஆயில் மாற்றுவதென்றால் சாவியைக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். தண்டையார்பேட்டையில் தம்பியின் ஸ்பிளெண்டரை எடுத்துக்கொண்டு போனால், எந்த ஆயில் என்பதை நாமேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய உதிரிபாகக் கடை ஒன்றில், கார்களுக்கான 5டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) முழு சிந்தெடிக் ஆயிலைத் தள்ளுபடியில் காட்டி, "காருக்கே போடுறது சார், பைக்குக்குப் போட்டா சும்மா பறக்கும்" என்றார்கள். காரின் வழக்கமான கிளட்ச் எஞ்சின் ஆயிலைத் தொடுவதே இல்லை. ஸ்பிளெண்டரிலோ எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே ஆயிலில் நனைந்துதான் ஓடுகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகப் பல கார் ஆயில்களில் கலக்கப்படும், மாலிப்டினம் சேர்மங்களைப் போன்ற உராய்வுக் குறைப்பான்கள் கிளட்ச் பிளேட்டுகளின் பிடிப்பையும் தளர்த்திவிடக்கூடும். அப்படித் தளர்ந்தால் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது எஞ்சின் மட்டும் அலறும், வண்டி இழுக்காது, பிளேட்டும் சூடேறித் தேயும்.

தெருமுனை மெக்கானிக் விலையைப் பேசுவதற்கு முன்பே டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே தேட வேண்டியது, ஜப்பானின் வாகனத் தர அமைப்பான ஜாசோ 1998இல் கொண்டுவந்த டி903 தரத்தின் எழுத்துகளை. எம்ஏ என்றால் நனைந்த கிளட்சுக்குப் போதிய பிடிப்பு உண்டு, எம்ஏ2 என்றால் பிடிப்பு இன்னும் கூடுதல். எம்பி, ஆயிலில் கிளட்ச் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. ஆக்டிவாவுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று கியர் வண்டியில் ஊற்றிவிடக் கூடாது.

வெயிலுக்குக் கெட்டியாக இருக்கட்டும் என்று எல்லா வண்டிக்கும் 20டபிள்யூ-50 போடும் பழக்கம் இப்பகுதியில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வண்டியின் கையேடு 10டபிள்யூ-30 என்றால் அதையே போடலாம். மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பாதி கிளட்சில் ஊர்ந்து போகும் வண்டிக்கு ஆயிலைக் கெட்டியாக்குவதைவிடக் காலம் தவறாமல் மாற்றுவதே பயன் தரும், ஏனெனில் கியர் பற்களுக்கிடையே நசுங்கி நசுங்கி ஆயில் தன் கெட்டித்தன்மையை இழக்கிறது. (என்ஃபீல்டு ஆலை இருக்கும் திருவொற்றியூருக்குப் பக்கத்திலேயே தொழில் கற்றவர் என்பதால், பழைய புல்லட்டில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் என்பதையும் மெக்கானிக்கே சொன்னார்.)

எஞ்சினைச் சற்றுச் சூடாக்கிப் பழைய ஆயிலை வடித்தார். புதியதை ஊற்றியபின் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுக்கோலைத் திருகாமல் செருகி மட்டம் பார்த்தார். போலி ஆயில் நிரப்பி விற்பவர்கள் கைக்குப் போய்விடாமல் இருக்க, காலி டப்பாவில் திருப்புளியால் ஓட்டை போட்டதும் அவரேதான், நான் கேட்கவில்லை.