ரோமானியக் காசுக்கு ஊரும் பேரும் சொல்லும் தளம்: ஓ.சி.ஆர்.இ.

ரோமானியக் காசு ஒன்று கையில் இருக்கிறது, அது எந்தப் பேரரசருடையது, எந்த ஊரில் அடித்தது, எந்தக் காலம் என்று தெரிய வேண்டும், விலையுயர்ந்த பட்டியல் நூல்களை வாங்க வழியில்லை. இந்த நிலையில் இருக்கிற எவருக்கும் நான் தயங்காமல் சொல்வது ஓ.சி.ஆர்.இ. தளத்தைத்தான். விரித்துச் சொன்னால் 'ஆன்லைன் காயின்ஸ் ஆஃப் தி ரோமன் எம்பயர்'. நியூயார்க்கில் 1858 முதல் இயங்கும் அமெரிக்க நாணயவியல் சங்கமும், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பண்டைய உலக ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. கட்டணம் இல்லை. பெயர் பதிய வேண்டியதில்லை.

நான் கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனமொன்றில் கணக்கு பார்க்கிறவன். எங்கள் ஊரில் ரோமானியக் காசு என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்த கதையைக் கேட்டுத்தான் இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். என்னிடம் இருப்பவை காசுக் கண்காட்சிகளில் பில்லோடு வாங்கியவை, பெரும்பாலும் தேய்ந்த சின்னச் செம்புக் காசுகள். பணக்காரச் சேகரிப்பு இல்லை. அதனால்தான் இந்தத் தளத்தின் அருமை எனக்குத் தெரிகிறது. பளபளக்கும் தங்கக் காசு வைத்திருப்பவருக்கு ஏலக் கம்பெனியே எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்துவிடும். இருநூறு ரூபாய்க் காசுக்கு யார் வரலாறு எழுதித் தருவார்கள்?

இந்தத் தளத்தின் அடித்தளம் 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற பத்துத் தொகுதிப் பட்டியல். சேகரிப்பாளர்கள் ஆர்.ஐ.சி. என்போம். 1923இல் முதல் தொகுதி, 1994இல் பத்தாவது. கி.மு. 31இல் முதல் பேரரசர் அகஸ்டஸ் தொடங்கி கி.பி. 491இல் பேரரசர் ஸீனோ இறந்தது வரை அடித்த காசு வகைகள் அதில் எண் போட்டு வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அந்த எண்களை அப்படியே எடுத்து, 43,000க்கும் மேற்பட்ட வகைகளுக்குத் தனித்தனிப் பக்கம் போட்டு, 2017இல் தளத்தை முழுமையாக்கினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முன்பக்க எழுத்து, பின்பக்க உருவம், உலோகம், அக்கசாலை (காசு அடித்த பட்டறை), காலம் எல்லாம் இருக்கும். அதற்குக் கீழேதான் விருந்து. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பெர்லின் நாணயக்கூடம், நியூயார்க் சங்கம் என்று உலகின் பெரிய சேகரிப்புகளில் அந்த வகையைச் சேர்ந்த காசுகள் எவையெவை உண்டோ, அவற்றின் படமும் எடையும் விட்டமும் அங்கேயே கிடைக்கும்.

ஒரு காசை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அதிகம் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் ஒன்று, அகஸ்டஸின் பேரன்கள் காயுஸும் லூசியுஸும் நிற்கிற டினாரியஸ். நடுவில் இரண்டு கேடயம், பின்னால் ஈட்டிகள், மேலே பூசாரிகள் பிடிக்கும் ஒரு கரண்டியும் வளைந்த கோலும். லுக்டூனும், அதாவது இன்றைய பிரான்சின் லியோன் நகரத்தில், கி.மு. 2க்கும் கி.பி. 4க்கும் இடையில் அடித்தது. இதற்கு ஒரே எண் இல்லை. 207இல் தொடங்கி வரிசையாகப் பல வகைகள். கரண்டி இடப்பக்கமா வலப்பக்கமா, கோல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்துத்தான் எண் மாறும். நூலில் இதைப் படித்தால் தலை சுற்றும். தளத்தில் பக்கங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் பல காசுகளின் படங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசர் திபேரியுஸின் 'போந்திஃப் மாக்ஸிம்' என்ற எழுத்துள்ள காசும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நாற்காலிக் கால்கள்வரை பார்க்க வேண்டும்.

ஆனால் என் வேலை பெரும்பாலும் வெள்ளியோடு இல்லை. நான்காம் நூற்றாண்டின் சின்னச் செம்புக் காசுகளோடு. விரல் நகத்தளவு, சில ஒரு கிராம்கூட வராது. எழுத்து பாதி அழிந்திருக்கும். இவற்றுக்குத்தான் இந்தத் தளம் உயிர் கொடுக்கிறது. 'நாணயத்தை அடையாளம் காண' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். அதில் பேரரசர்களின் தலைகளை வரிசையாகப் பார்த்து, நம்மிடம் இருப்பதோடு ஒப்பிடலாம். தேய்ந்துபோன காசில் அந்த முகம் எப்படித் தெரியும் என்பதற்கும் படம் போட்டிருக்கிறார்கள். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அகழாய்வில் நிற்கிறவர்களுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் கிடைப்பது தேய்ந்த காசுதானே.

அப்புறம் வடிகட்டிகள். உலோகம் வெண்கலம், அக்கசாலை தெரியவில்லை, பின்பக்கத்தில் இரண்டு வீரர்கள், நடுவில் கொடிக்கம்பம். அந்த அளவு போதும், பட்டியல் குறுகிவிடும். இரண்டு கொடிக்கம்பம் என்றால் 330 முதல் 335 வரை, ஒன்றே ஒன்று என்றால் அதற்குப் பின். கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசு. வெற்றித்தேவதை தோளில் போர் வெற்றிச்சின்னத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு கைதியை இழுத்துப் போனால் 'சாலுஸ் ரெய்பூப்ளிகே' என்ற எழுத்துள்ள வகை, 388க்குப் பிறகு வந்தது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கிடைக்கும் ரோமானியச் செம்பில் இந்த வகை நிறைய. காசின் அடியில் எஸ், எம், கே என்ற மூன்று எழுத்து தெரிந்தால் கைசிகோஸ் அக்கசாலை. எஸ், எம், என் என்றால் நிகோமீடியா. இரண்டும் இன்றைய துருக்கியில். வரைபடத்தில் தட்டினால் ஊரையே காட்டிவிடும்.

தேடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. லத்தீன் கல்வெட்டெழுத்தில் 'யு' கிடையாது, 'வி'தான். அகஸ்டஸை 'ஏ, வி, ஜி' என்று தட்ட வேண்டும். இது தெரியாமல் 'ஒன்றுமே வரவில்லை' என்று மூடிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

எடைப் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த வகையை எடுத்தாலும் அருங்காட்சியகக் காசுகளின் சராசரி எடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம், காலவாரியாக வரைபடமும் போடலாம். டினாரியஸை எடுத்து அகஸ்டஸிலிருந்து வரிசையாகப் போட்டுப் பாருங்கள். நீரோ ஆட்சியில் எடை இறங்குவது கண்ணுக்கே தெரியும். கி.பி. 64 வாக்கில் ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்ததை 96 காசாக மாற்றினார்கள், வெள்ளியின் தரமும் குறைந்தது. நம் நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியுஸ் வெள்ளிக் காசுகள் குவிந்து கிடப்பதற்கும், பிந்தியவை குறைவாக இருப்பதற்கும் இதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். மிளகு விற்றவர்கள் காசை எடை பார்த்து வாங்கியிருக்கிறார்கள்! பாடப் புத்தகத்தில் இதை ஒரு வரியில் படித்திருக்கிறேன். வரைபடத்தில் நானே போட்டுப் பார்த்தபோதுதான் மனதில் நின்றது.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு. அந்த வெட்டு ஏன் என்பது தனி விவாதம். ஆனால் வெட்டுப்படாத அதே வகை எப்படி இருக்கும் என்று பார்க்க இந்தத் தளத்தைவிட நல்ல இடம் இல்லை.

போலிகளைக் கண்டுபிடிக்க உதவுமா என்று கேட்பார்கள். ஓரளவு. ஒரு கண்காட்சியில் ஒரு வியாபாரி திபேரியுஸ் வெள்ளி என்று ஒன்றை நீட்டினார். தராசில் வைத்தால் ஐந்து கிராமுக்கு மேல் நின்றது. நான்கு கிராமைத் தாண்டுவதே அரிதான வகை அது. கைபேசியில் பக்கத்தைத் திறந்து எடைகளைக் காட்டினேன். அவர் பேசாமல் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனாலும் தளம் உங்கள் காசு அசலா என்று தீர்ப்புச் சொல்லாது. இந்தியாவில் அந்தக் காலத்திலேயே ரோமானியக் காசைப் பார்த்து அடித்தவையும் உண்டு. அவை எழுத்துக் குளறுபடியோடு இருக்கும், ஆனால் பழமையானவை. அதை நேற்று வார்த்த போலியிலிருந்து பிரித்துச் சொல்ல அனுபவசாலியின் கண் வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பகிர்தல்தான். ஒவ்வொரு வகைப் பக்கத்துக்கும் மாறாத முகவரி உண்டு. காசை வைக்கும் அட்டைச் சட்டத்தில் முன்பெல்லாம் 'ரோமன், சின்னது' என்று எழுதி வைப்போம். இப்போது ஆர்.ஐ.சி. தொகுதி எண்ணும் வகை எண்ணும் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பர் இதே நான்காம் நூற்றாண்டுச் செம்பைச் சேர்க்கிறார். இருவரும் படம் அனுப்பிக்கொள்ளும்போது கூடவே அந்தப் பக்கத்தின் முகவரியையும் அனுப்புவோம். அவருடையதும் என்னுடையதும் ஒரே வகையா என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும். தரவுகளைத் தரவிறக்கிப் பயன்படுத்தவும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அருங்காட்சியகங்கள் இப்படிக் கதவைத் திறந்துவிட்டதற்கு நான் உண்மையிலேயே நன்றியோடு இருக்கிறேன்.

சரி, குறைகள். எல்லா வகைகளுக்கும் படம் இல்லை. அரிதான வகை என்றால் எழுத்து விவரம் மட்டும்தான். அடுத்து, அடிப்படையான நூலின் வயது. மூன்றாம் நூற்றாண்டின் குழப்பமான காலத்தைச் சொல்லும் ஐந்தாம் தொகுதி 1927இலும் 1933இலும் வந்தது. அதன்பின் ஆராய்ச்சி எவ்வளவோ போய்விட்டது. அந்தக் காலத்துப் பேரரசர் காலியேனுஸின் காசு வைத்திருப்பவர்கள் எண்ணை மட்டும் நம்பாமல் புதிய ஆய்வுகளையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா போன்ற நகரங்கள் தங்கள் பெயரில் கிரேக்க எழுத்தோடு அடித்த மாகாணக் காசுகள் இங்கே வராது. அவற்றுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் 'ரோமன் ப்ரொவின்ஷியல் காயினேஜ்' தளம் இருக்கிறது. முன்பக்கத்தில் கிரேக்க எழுத்தைப் பார்த்தால் நேராக அங்கே போய்விடுங்கள். வடிகட்டிகள் நீளமானவை, கணினித் திரையில் உட்கார்ந்து பார்ப்பதே வசதி.

விலை தேடுகிறவர்களுக்கு இது உதவாது. விலை என்று ஒரு வரிகூட இல்லை. அதற்கு 'ஏசி சர்ச்' போன்ற ஏலப் பதிவுத் தளங்கள் உண்டு, விற்ற விலையைப் பார்க்க அங்கே சந்தா கட்ட வேண்டும். எனக்கு இதில் வருத்தமே இல்லை. விலையைப் பார்க்காமல் காசைப் பார்க்கப் பழகுவதற்கு இப்படி ஓர் இடம் தேவை.

ரோமோடு நிற்க விரும்பாதவர்களுக்கு இதே குடும்பத்தில் இன்னும் தளங்கள் இருக்கின்றன. அலெக்சாண்டர் காசுகளுக்குப் 'பெல்லா', ரோமானியக் குடியரசுக் காலத்துக்கு 'சி.ஆர்.ஆர்.ஓ.', செல்யூக்கியருக்கும் தாலமியருக்கும் தனித்தனி. நம் ஆட்கள் தவறவிடக் கூடாதது பாக்திரிய, இந்தோ-கிரேக்க அரசர்களுக்கான 'பி.ஐ.ஜி.ஆர்.'. இலங்கையில் பிறந்த ஆய்வாளர் ஒஸ்முந்து போபெயாரச்சி 1991இல் வெளியிட்ட பட்டியல்தான் அதன் அடிப்படை. மெனாந்தர் காசில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்தில் பிராகிருதம். அகதோக்ளிஸ் காசில் ஒரு பக்கம் பலராமன், மறுபக்கம் வாசுதேவன். அந்தச் சதுரக் காசுகள் ஆப்கானிஸ்தானின் அய் கானும் அகழாய்வில் 1970இல் கிடைத்தன. ஓ.சி.ஆர்.இ.யில் கை பழகியவருக்கு இங்கேயும் எல்லாம் பழகிய இடத்தில் இருக்கும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது படமில்லாத பக்கங்களுக்காக.

இதைப் பயன்படுத்தப் பயன்படுத்த எனக்கு ஓர் ஏக்கம் கூடிக்கொண்டே போகிறது. மாக்கோதை, கொல்லிப்பொறை, குட்டுவன் கோதை என்று தமிழி எழுத்தில் பேர் போட்ட சேரர் காசுகள் எங்கள் கரூரிலேயே கிடைத்தவை. மாக்கோதையின் தலை ரோமானியக் காசைப் பார்த்து அடித்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பெருவழுதி பேர் பொறித்த பாண்டியர் காசை இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு எழுதினார். இவற்றையெல்லாம் எண் போட்டு, எடையும் படமும் சேர்த்து, அருங்காட்சியகத்திலும் தனியாரிடமும் இருப்பவற்றை ஒரே பக்கத்தில் காட்டும்படி ஒரு தளம் தமிழில் வேண்டும். ஓ.சி.ஆர்.இ.யை இயக்கும் 'நியூமிஷேர்' மென்பொருள் திறந்த மூலத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கணினி தெரிந்த சேகரிப்பாளர்கள் யாராவது இதைக் கையில் எடுத்தால், என்னிடம் உள்ள காசுகளின் படங்களையும் எடைகளையும் முதல் ஆளாக அனுப்பி வைக்கிறேன்.