ரைசன் 5 5600ஜி: சேலம் அம்மாப்பேட்டை வீட்டில் 14 மாதம்

தம்பிக்குக் காலேஜில் சீட் கிடைத்த மாதமே அப்பாவின் பழைய கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. அப்பா பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர். கிராஃப் தாளில் பென்சிலால் போட்ட காலம் போய், இப்போது எல்லாக் கட்டங்களையும் ஸ்கிரீனில்தான் நிரப்புகிறார். தம்பிக்குக் கோடிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், ராத்திரியானால் கேம். இரண்டு பேருக்கும் ஒரே மெஷின், கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனியாகக் காசு கிடையாது என்று முடிவானதும் நான் எடுத்தது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை. நான் சொந்தக் கையால் மாட்டிய முதல் கம்ப்யூட்டர் இதுதான். முதல் தடவை அசெம்பிள் செய்கிறவர்களுக்கு இந்தப் பிராசசரைத் தைரியமாகச் சொல்வேன். ஆனால் ராமை, அதாவது மெமரிக் குச்சியை, ஜோடியாகப் போடுங்கள், வீட்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த இரண்டிலும் நான் கோட்டை விட்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பிராசசர். 2021-ல் வந்தது, 6 கோர் (வேலை செய்யும் பகுதிகள்), 12 த்ரெட் (ஒரே சமயத்தில் ஓட்டும் வேலைகள்), 65 வாட், ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்). பெயரில் இருக்கும் அந்த 'ஜி'தான் முக்கியம், கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, மானிட்டர் கேபிளை நேராக மதர்போர்டிலேயே செருகலாம். ஜி இல்லாத வெறும் 5600 என்றால் கார்டு இல்லாமல் டிஸ்பிளேயே வராது. இன்டெல்லில் 12400எஃப் மாதிரி 'எஃப்' போட்டு முடிகிறவையும் அப்படித்தான். இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, போர்டு டெட் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு என்று கடைக்காரர் சொன்னார். கார்டு போட்டவர்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள், கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகிவிட்டு கேம் திணறுகிறதே என்று தேடுவார்கள்.

வாங்கும்போது ஒரு கடையில் பாக்ஸ் இல்லாத ட்ரே பிராசசரைக் காட்டி, ரேட் குறைவு, அதே சாமான்தான் என்றார்கள். அதே சாமான்தான், ஆனால் அதோடு ஃபேன் வராது, பாக்ஸோடு வருவதற்குக் கம்பெனி தரும் 3 வருஷ வாரண்டியும் கிடையாது, கடைக்காரர் எழுதித் தருவதுதான். தனியாக ஒரு கூலர் வாங்கினால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். பாக்ஸ்தான் வேண்டும் என்று நின்று வாங்குங்கள், பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய பொறி, கேபினட்டோடு சேர்த்துத் தரும் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குக் கரண்டை மாற்றித் தரும் பவர் சப்ளை. 'கேபினட் வாங்குனா எஸ்எம்பிஎஸ் ஃப்ரீங்க தம்பி' என்று சொன்னதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், காலி டப்பா கனம்கூட இல்லை. லேபிளில் 450 வாட் என்று பெரிதாக இருக்கிறது, கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் லைன் எத்தனை ஆம்பியர் என்று தேடினால் பெருக்கி வருகிற கணக்கு அதில் பாதிகூட இல்லை. கம்ப்யூட்டரில் சாப்பாடு பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் போகிறது, அதனால் ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், 30 ஆம்பியர் என்றால் 360 வாட். நான் 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்ற சான்று) போட்ட 450 வாட் ஒன்றைத் தனியாக வாங்கினேன். 5600ஜிக்கு 450 வேண்டவே வேண்டாம், 65 வாட் பிராசசர், கார்டு இல்லை, முழு லோடிலும் மொத்த மெஷினும் 120 வாட்டைத் தொடுவதே பெரிய விஷயம். ஆனால் பின்னால் கார்டு போட்டால் இதே எஸ்எம்பிஎஸ் தாங்கும்.

போர்டு வாங்கும்போது பி450 சிப்செட் என்றால் இந்தப் பிராசசருக்கு ஏற்ற பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ரொம்ப நாள் அலமாரியில் கிடந்த போர்டு என்றால் பிராசசரை அடையாளமே தெரியாது, ஃபேன் சுற்றும், ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கும். கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்வது நல்லது.

அப்புறம் மாட்டுகிற கதை. சாப்பாட்டு மேஜை மேல் போர்டு வந்த அட்டைப்பெட்டியையே விரித்து வைத்துக்கொண்டேன். பிராசசரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம், சாக்கெட்டிலும் ஒரு முக்கோணம், இரண்டும் ஒரே பக்கம். லீவரைத் தூக்கிவிட்டு மேலே வைத்தால் தானாக உள்ளே இறங்க வேண்டும், விரலால் அமுக்கவே கூடாது, ஏஎம்4-ல் பின்கள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தால் போச்சு. இறங்கியதும் லீவரைச் சாத்தினேன். இதுவரை நிம்மதி.

கூலரில்தான் முழி பிதுங்கியது. கூட வருகிற ரைத் ஸ்டெல்த்துக்கு நாலு ஸ்பிரிங் ஸ்க்ரூ. போர்டில் ஏற்கெனவே இரண்டு பிளாஸ்டிக் கொக்கிப் பட்டை மாட்டியிருக்கும், அதைக் கழற்றினால்தான் இந்தக் கூலர் உட்காரும். நாலு ஸ்க்ரூவையும் கழற்றியதும் போர்டுக்கு அடியில் டங்கென்று ஒரு சத்தம். பின்பக்க இரும்புத் தகடு கழன்று மேஜையில் கிடக்கிறது. உடைத்துவிட்டோம் என்று அப்பா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. உடையவில்லை, அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த நாலு ஸ்க்ரூதான், அவ்வளவுதான். தம்பி அடியிலிருந்து தகட்டை ஒரு கையால் தாங்கிப் பிடிக்க, நான் மேலே கூலரை வைத்து ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று குறுக்காக இரண்டிரண்டு சுற்றாக முறுக்கினேன். ஒரே மூலையை முழுசாக முறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். கூலர் அடியில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் தடவியே வரும், மேலே தனியாகப் போட வேண்டாம், விரல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பின்னாடி எப்போதாவது கழற்ற வேண்டி வந்தால், மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் பண்ணி, பிளக்கை உருவிவிட்டு, ஸ்க்ரூ கழற்றியதும் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்து பிடுங்கி வந்துவிடும், லீவர் பூட்டியிருந்தாலும்.

மற்றதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஐஓ ஷீல்டை (பின்பக்கச் செருகுமிடங்களைச் சுற்றி வரும் தகடு) கேபினட்டில் முதலில் மாட்டிவிட்டுத்தான் போர்டை இறக்க வேண்டும், நான் மறந்துபோய் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினேன். எஸ்எம்பிஎஸ்ஸில் சிபியுவுக்கான 4+4 வயரும் கார்டுக்கான 6+2 வயரும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், வயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். முன்பக்க பவர் ஸ்விட்ச் வயரை எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்யும், எல்ஈடி வயருக்குத்தான் பிளஸ் மைனஸ் உண்டு.

சரி, ராம். நான் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்கினேன், பின்னால் இன்னொன்று சேர்த்து 32 ஆக்கிக்கொள்ளலாம் என்ற யோசனையில். கார்டு போட்ட மெஷினுக்கு இது இவ்வளவு பாதிக்காது. 5600ஜிக்குப் பெரிய தப்பு, ஏனென்றால் உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ராமைத்தான் கடன் வாங்கி ஓட்டுகிறது. டிடிஆர்4 3200 ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு குச்சி சேர்ந்தால் 51.2. தறி நன்றாக இருந்தும் நூல் பாதிதான் வருகிறது என்றால் எப்படி நெய்வது? தம்பியின் வேலரன்ட் கேம் நொடிக்கு 75 ஃப்ரேமைச் சுற்றித் திணறிக்கொண்டிருந்தது, அப்பாவின் பெரிய டிசைன் ஃபைலைப் பெரிதாக்கிச் சுருக்கும்போதெல்லாம் ஸ்கிரீன் தயங்கித் தயங்கி வந்தது. மூன்று வாரம் டிரைவர், விண்டோஸ் என்று எதையெதையோ நோண்டினேன். கடைசியில் அதே மாடல் இன்னொரு குச்சி வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டேன். அதே கேம், அதே செட்டிங், 120-ஐத் தாண்டியது. கையில் காசு 16-க்குத்தான் இருக்கிறது என்றால் 8 இரண்டாக வாங்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 3200 என்று பாக்கெட்டில் போட்ட ராம் பல போர்டுகளில் தானாக அந்த வேகத்தில் ஓடாது, பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்றிருப்பதை ஆன் செய்ய வேண்டும். என்னுடையது முதலில் 2400-ல் ஓடிக்கொண்டிருந்தது, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அதே இடத்தில் 16 ஜிபிக்குப் பதில் 15.4 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், மிச்சத்தில் 512 எம்பியைக் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறது.

எர்த் விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். மெஷின் ஓட ஆரம்பித்த இரண்டாம் நாள் அப்பா வெறுங்காலோடு உட்கார்ந்து பென் டிரைவ் செருகப் போனவர் சட்டென்று கையை எடுத்தார். 'எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா' என்றார். நான் செருப்புப் போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டெஸ்டரை எடுத்துக் கேபினட்டின் ஸ்க்ரூவில் வைத்தேன், எரிகிறது! எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போய்விட்டது என்று கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனால், அங்கே மாட்டிப் பார்க்கிறார்கள், டெஸ்டர் எரியவில்லை. கடைக்காரர் ஒரே கேள்வி கேட்டார்: 'வீட்ல எர்த் இருக்குங்களா?'

எங்கள் வீடு பழசு. பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது, பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அதில் கசிகிற துளி கரண்ட் எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் 230 வோல்ட்டில் பாதி கேபினட்டிலேயே நிற்கும், நாம் தொட்டால் நம் வழியாக இறங்கும். ரொம்பக் குறைந்த கரண்ட் என்பதால்தான் எறும்பு ஊர்கிற அளவோடு போகிறது, ஆனால் மெஷினில் நிஜமாகவே ஏதாவது ஒரு நாள் ஷார்ட் ஆனால் காப்பாற்ற ஒன்றுமே இல்லை. தெரு எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து கொல்லைப்புறத்தில் குழி வெட்டி, பைப் இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். கூலியோடு 3,500 ரூபாய். அன்று சாயங்காலம் அப்பா வெறுங்காலோடு உட்கார்ந்து கேபினட்டில் உள்ளங்கையை முழுசாக வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் பட்ஜெட் போடும்போது இதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் மூன்று வயர் உள்ளதுதானா என்று திறந்து பாருங்கள்.

சூடு பற்றிக் கேட்பீர்கள். சேலத்து மே மாதத்தில், மதியம், ஃபேன் மட்டும் ஓடும் ரூமில் வீடியோ ரெண்டர் போட்டால் 84 டிகிரி வரை போகிறது. இதன் வரம்பு 95, அதனால் பயமில்லை, ஆனால் கூலர் ஃபேனின் சத்தம் அடுத்த ரூமில் கேட்கும். ஏற்காட்டில் சித்தி வீட்டுக்கும் இதே பிராசசர், இதே கூலர் போட்டு ஒரு மெஷின் மாட்டிக் கொடுத்தேன், அங்கே அதே வேலைக்கு 68 தாண்டவில்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கூலர் வாங்கும் செலவு மிச்சம். அங்கே பிரச்சினை இடிதான், மழைக்காலத்தில் வானம் கறுத்தால் பிளக்கோடு நெட் கேபிளையும் சேர்த்து உருவிவிடச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருவில் பிரச்சினை பஞ்சு. நாலு பக்கமும் தறி ஓடுகிறது, முன்பக்க வலையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கம்பளி மாதிரி ஒரு படலம் உரிந்து வருகிறது. முன்பக்கம் வலையும், அதைக் கழற்றிக் கழுவும் வசதியும் இருக்கிற கேபினட்தான் இந்த ஊருக்குச் சரி. கண்ணாடி மூடி விளக்கெரிகிற கேபினட்டைப் பார்த்து மயங்காதீர்கள், காற்று போக வழியிருக்கிறதா என்று பாருங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

குறையும் உண்டு. இது பிசிஐஇ 3.0 (கார்டும் எஸ்எஸ்டியும் பிராசசரோடு பேசும் பாதை) மட்டும்தான், அதனால் 4.0 எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுத்தால் அது 3.0 வேகத்தில்தான் ஓடும், நான் 3.0-வே வாங்கினேன். உள்ளே இருக்கும் எல்3 கேஷ் (பிராசசரின் வேகமான சின்ன மெமரி) 16 எம்பி, வெறும் 5600-க்கு 32, ஆகவே முதல் நாளிலிருந்தே கார்டு போடப் போகிறவர்கள் ஜி வாங்குவதில் அர்த்தமே இல்லை. ஏஎம்4 பழைய சாக்கெட், ஏஎம்5 2022-லேயே வந்துவிட்டது.

தம்பி இப்போது கார்டு கேட்க ஆரம்பித்திருக்கிறான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி அந்தப் பாதையில் 4 லேனில் மட்டும் ஓடுகிற கார்டு இந்த 3.0-ல் இன்னும் மெதுவாகிவிடும் என்பதால் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று மூடியைக் கழற்றி, ஸ்லாட்டிலிருந்து முன் ஃபேன் வரை டேப் வைத்து அளந்தோம், 29 சென்டிமீட்டர் இருக்கிறது. தீபாவளி முடியட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.