ஜிசிசி கையேடும் செத்த இணைப்புகளும்: சில வருட அனுபவம்

2020இல் சி, சி++ நிரல்களுக்கான கம்பைலரான ஜிசிசியின் 10ஆம் பதிப்பு வந்தபோது எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன வசதி. டெர்மினலில் எச்சரிக்கை வந்தால், அதன் கடைசியில் இருக்கும் ஆப்ஷன் பெயரை கண்ட்ரோல் அழுத்தி கிளிக் செய்தால் போதும், ஆன்லைன் கையேட்டில் அந்த ஆப்ஷனுக்கான பத்தியிலேயே கொண்டுபோய் விடும். அன்றிலிருந்து இந்தக் கையேட்டோடுதான் குடித்தனம்.

ஆனால் என் புக்மார்க் இருந்தது டிரங்க் கையேட்டுக்கு, அதாவது இன்னும் வெளியாகாத பதிப்புக்கு. வேலையில் ஓடுவதோ ஜிசிசி 13. ஒருநாள் டேங்லிங் ரெஃபரென்ஸ் (அழிந்துபோன பொருளையே சுட்டிக்கொண்டிருக்கும் ரெஃபரென்ஸ்) எச்சரிக்கை கொட்டியது. அது கூடுதல் எச்சரிக்கைகளைத் தரும் டபிள்யூ-எக்ஸ்ட்ரா ஆப்ஷனில் வரும் என்றது கையேடு. நான் கொடுத்திருந்ததோ வழக்கமான எச்சரிக்கைகளுக்கான டபிள்யூ-ஆல் மட்டும். கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலை அரை நாள் குடைந்த பிறகுதான் புரிந்தது: 13இல் அது டபிள்யூ-ஆலோடு வந்தது, 14இல்தான் எக்ஸ்ட்ராவுக்கு மாற்றினார்கள். தப்பு என்னுடையது.

சரி என்று பதிப்பு எண் உள்ள கையேட்டுக்கு மாறினேன். ஆப்ஷன் விவரம் இம்மி பிசகாது. ஆனால் அந்தப் பக்கங்கள் வெளியீட்டோடு உறைந்தவை. வெளித்தள இணைப்புகளை டிரங்கில்தான் திருத்துகிறார்கள். பழைய கையேட்டுக்கு அது எட்டாது. இட்டானியம் சி++ ஏபிஐ ஆவணத்தையே பாருங்கள். இட்டானியம் என்ற ப்ராசஸருக்காக எழுதியது, கம்பைல் ஆன சி++ துண்டுகள் ஒன்றோடொன்று சேர்வதற்கான விதிகள். அந்த ப்ராசஸர் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆவணத்துக்கு மட்டும் இன்னும் வேலை இருக்கிறது. முன்பு ஒரு நிறுவனத்தின் தளத்தில் இருந்தது, இப்போது கிட்ஹப்பில். பழைய கையேடுகள் பழைய வீட்டு வாசலையே காட்டுகின்றன.

இதைவிட மோசம், சாகாமல் செத்த இணைப்பு. ஒரு சிப் நிறுவனத்தின் பிடிஎஃப்புக்கான இணைப்பை கர்ல் என்ற கட்டளையில் சோதித்தால் 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்றது. உலாவியில் திறந்தால் நிறுவனத்தின் முகப்புப் பக்கம். ஸ்கிரிப்டை நம்பியிருந்தால் கண்டுபிடித்தே இருக்க மாட்டேன்.

அப்புறம் கையேட்டின் இன்னொரு இணைப்புக்கு நானே ஒரு பேட்ச் (திருத்தம்) அனுப்பினேன். கையேட்டின் மூலம் டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவண வடிவில் இருக்கிறது. எச்டிடிபியை எச்டிடிபிஎஸ் ஆக்க வேண்டும், அவ்வளவுதான். சேர்த்தது ஒரே எழுத்து. அதற்கான கமிட் செய்தியில் (மாற்றத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பில்) கோப்பின் பாதை, பகுதியின் பெயர், என்ன மாற்றினேன் என்ற சேஞ்ச்லாக் வரி, கையொப்ப வரி. வரித் தொடக்கத்தில் டேபுக்குப் பதில் ஸ்பேஸ் வைத்திருந்தேன், சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் அதையும் விடவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சேஞ்ச்லாக் கோப்பே அந்தச் செய்தியிலிருந்துதான் தானாக உருவாகிறது என்று தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டேன்.

டிரங்கில் அந்த இணைப்பு இப்போது ஒழுங்காகப் போகிறது. நான் அதை முதலில் பார்த்த 13ஆம் பதிப்புப் பக்கத்தில் இன்னும் அந்த ஓர் எழுத்து இல்லை.