ரியாக்ட் 19-க்கு மாறும்போது: லெகசி-பியர்-டெப்ஸா, ஓவர்ரைட்ஸா?

ரியாக்ட் (வலைத்தளத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) 18-இல் ஓடிக்கொண்டிருந்த அட்மின் தளத்தை 19-க்கு மாற்றியபோது, பலருக்கும் பழக்கமான இரிசால்வ் (ERESOLVE, பதிப்புகள் ஒத்துப்போகாத) பிழையில் இன்ஸ்டால் நின்றது. பழைய லைப்ரரிகள் பியர் டிபென்டன்சியில் (தன்னோடு சேர்ந்து ஓட வேண்டிய லைப்ரரியின் பதிப்பு வரம்பில்) ரியாக்ட் 18 வரைதான் குறித்திருக்கும். லைப்ரரிகளை நிறுவும் கருவியான என்பிஎம்மின் 6-ஆம் பதிப்பு இதற்கு எச்சரிக்கை மட்டும் கொடுக்கும். 7-இலிருந்து இன்ஸ்டாலையே நிறுத்துகிறது.

இன்ஸ்டால் கட்டளையில் லெகசி-பியர்-டெப்ஸ் (--legacy-peer-deps) ஃபிளாக் போட்டால் உடனே வேலை நடக்கும். தனி பிராஞ்சில் "ஓடுமா, ஓடாதா" என்று பார்க்க அது போதும், வேறு எதுவும் தேவையில்லை. ஆனால் மெயின் பிராஞ்சுக்கு ஒரு லைப்ரரி கேட்கும் பதிப்பை நாமே மாற்றிக் குறிக்கும் ஓவர்ரைட்ஸைத்தான் (overrides) நான் எடுத்துக்கொண்டேன். காரணம் பராமரிப்பு.

அந்த ஃபிளாக் ஒரு லைப்ரரிக்கு மட்டும் விலக்கு தருவதில்லை. திட்டம் முழுக்கப் பியர் டிபென்டன்சிகளைக் கணக்கிலேயே எடுக்காது. அவற்றைத் தானாக நிறுவுவதும் நின்றுவிடும். சிஐ-யில் (தானியங்கிச் சோதனைச் சூழலில்) என்பிஎம் சிஐ கட்டளை ஓடவும் அதே அமைப்பு வேண்டும் என்பதால், அந்த ஃபிளாக்கை என்பிஎம்ஆர்சி (.npmrc) அமைப்புக் கோப்பில் எழுதிவிடுவார்கள். அப்புறம் அது அங்கேயே தங்கிவிடும். ஆறு மாதம் கழித்துப் புதிதாக வருகிறவர் ஒரு சார்ட் லைப்ரரி சேர்க்கிறார். அது உண்மையிலேயே ஒத்துப்போகாதது என்றாலும் இன்ஸ்டாலில் ஒரு சத்தமும் வராது.

ஓவர்ரைட்ஸில் (என்பிஎம் 8.3-இல் வந்தது) எந்த லைப்ரரிக்கு விலக்கு என்பது பேக்கேஜ் ஜேசனில் (திட்டத்தின் package.json கோப்பில்) பெயரோடு நிற்கும். மற்ற எல்லாவற்றுக்கும் சோதனை தொடரும். ரியாக்ட் பதிப்பை அங்கே எண்ணாக எழுதாமல், டாலர் குறி போட்டு ரியாக்ட் ($react) என்று எழுதினால் நம் திட்டத்தின் பதிப்பையே எடுத்துக்கொள்ளும். அடுத்த அப்கிரேடில் அந்த வரியைத் தொட வேண்டியதில்லை. லைப்ரரி புதிய பதிப்பு வெளியிட்டதும் வரியை நீக்கி இன்ஸ்டால் செய்து பாருங்கள். பிழை வராவிட்டால் அந்தக் கடன் தீர்ந்தது. ஓவர்ரைட்ஸ் எழுதியும் பலிக்கவில்லை என்றால் நோட் மாட்யூல்ஸையும் லாக் கோப்பையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கலாம்.

சரி, இன்ஸ்டால் ஆவது வேறு, ஓடுவது வேறு. ஃபைண்ட்டாம்நோட் (findDOMNode) என்ற ஏபிஐ ரியாக்ட் 19-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பியிருக்கும் ரியாக்ட்-குயில் (உரை எடிட்டர் லைப்ரரி), எந்த வழியில் நிறுவினாலும் திரையில் உடையும். அங்கே ஓவர்ரைட்ஸுக்கு வேலையில்லை. ரியாக்ட்-குயில்-நியூ மாதிரி ஃபோர்க்குக்குத்தான் (அதிலிருந்து கிளைத்த தனிப் பதிப்புக்கு) மாற வேண்டும். இதை முன்கூட்டியே அறிய, முதலில் 18.3-க்குப் போய் கன்சோலைப் பாருங்கள். நீக்கப்படவிருந்த ஏபிஐகளுக்கு எச்சரிக்கை தருவதற்கென்றே வந்த பதிப்பு அது.

என்பிஎம்முக்கு மாற்றான யார்னில் இதே வேலைக்கு ரெசல்யூஷன்ஸ் இருக்கிறது; நான் அதைப் பெரிய திட்டத்தில் நீண்ட நாள் ஓட்டியதில்லை, அதனால் ஒப்பிடவில்லை. நீங்கள் பிறருக்கு லைப்ரரி எழுதுகிறவர் என்றால் ஓவர்ரைட்ஸ் உதவாது. அது மூலத் திட்டத்தின் பேக்கேஜ் ஜேசனில் இருந்தால் மட்டுமே செல்லுபடியாகும், உங்கள் லைப்ரரியை நிறுவுகிறவரிடம் போய்ச் சேராது. பியர் டிபென்டன்சி வரம்பில் 19-ஐச் சேர்த்து, சோதித்து, புதிய பதிப்பு வெளியிடுங்கள்.