டைனோசருக்காக வாங்கினேன், பூனைகளிடம் மாட்டிக்கொண்டேன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு) ஆடுகிறவர்கள் ‘தி ஐல் ஆஃப் டிரெட்’ என்ற பெயரை எங்காவது கேட்டிருப்பீர்கள். 1981ல் டேவிட் குக்கும் டாம் மோல்ட்வேயும் எழுதி டிஎஸ்ஆர் வெளியிட்ட 32 பக்க மாட்யூல், அதாவது ஆடுவதற்கென்று எழுதிய சாகசக் கதை. அப்போது எக்ஸ்பர்ட் செட் என்ற விதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்ததால் ஏகப்பட்ட பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் வாங்கியது பிடிஎஃப், அதுவும் தீவு முழுக்க டைனோசர் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதை நம்பி. டைனோசர் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் எங்கள் கூட்டம் இன்றுவரை பேசிக்கொண்டிருப்பது ராகாஸ்டா பற்றித்தான்.

ராகாஸ்டா என்பது பூனைத் தலையும் மெத்தென்ற பழுப்பு ரோமமுமாக, மனிதர் மாதிரி நிமிர்ந்து நடக்கிற ஒரு நாடோடிப் போர்வீரர் இனம். சொந்த நகமே போதும், ஆனாலும் சண்டைக்குப் போகும்போது அதற்கு மேல் ‘காசா’ என்ற உலோக நகங்களை மாட்டிக்கொள்வார்கள். சிலர் வாள்பல் புலி மேல் சேணம் போட்டு ஏறி வருவார்கள். இருப்பிடம் கலர் கலரான கூடாரங்கள், உள்ளே பட்டுத் திரை, செதுக்கிய மரக் கிண்ணம், விலையுயர்ந்த பாத்திரம். மொத்தத்துக்கும் சில பத்திகள்தான், அதற்குள் இவ்வளவையும் அடைத்திருக்கிறார்கள்.

பெயரைக் கேட்டதும் எங்கள் மேஜையில் ஒருவன் “டேய், ராட்சசன்டா!” என்று பின்வாங்கினான். அவனைக் குறை சொல்ல முடியாது, நம் காதுக்கு அப்படித்தான் கேட்கும். ராட்சசன் என்று தனியாகவே ஒரு பிராணி இந்த விளையாட்டில் உண்டு, 1977 மான்ஸ்டர் மேனுவலில் வரும் புலித்தலை மாயாவி. இது அது இல்லை.

இப்போது எண்களுக்கு வருவோம், ருசியே அங்கேதான். ஒரு ராகாஸ்டாவுக்கு ஹிட் டைஸ் (ஒரு பிராணியின் பலத்துக்கான அளவு) 2+1. மூன்றிலிருந்து ஏழாம் லெவல் வரைக்கும் எழுதிய மாட்யூல் இது, அந்த லெவல் ஆட்களுக்கு இது ஒன்றுமே இல்லை, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். ஏறி வருகிற புலிக்கு 8. அதாவது வண்டிக்கு இருக்கிற பலத்தில் கால்வாசிதான் ஓட்டுநருக்கு. போதாததற்கு, சேணத்திலிருந்து 20 அடி வரை புலித் தலைக்கு மேலாகத் தாவி அதே ரவுண்டில் அடிக்கலாம் என்று ஒரு வரி வருகிறது, அதை நான் முதல் தடவை படித்தபோது சாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆட்டத்தில்தான் அதன் அர்த்தம் புரிந்தது. கூடாரங்களைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். ரியாக்‌ஷனுக்கு இரண்டு பகடை உருட்டினேன், 9. சரி, பேசலாம் என்கிற மனநிலை. உட்காரவைத்து, ஏதோ குடிக்கக் கொடுத்து, நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் எங்கள் திருடன் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைச் சட்டைக்குள் விட்டான், உருட்டினதில் தோற்றான், மாட்டிக்கொண்டான், சண்டை வெடித்தது. கவசம் போட்ட இரண்டு பேரை முன்னால் நிறுத்தி, ஏழே ஏழு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள மந்திரவாதியைப் பின்னால் ஒளித்து வைக்கிற அந்தப் பழைய தந்திரம் இருக்கிறதே, அதை 1981லேயே இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்து உடைத்திருக்கிறார்கள். புலி முன்வரிசையில் மோதியது, மேலே இருந்தவள் அவர்கள் தலைக்கு மேல் பறந்து வந்து நேராக மந்திரவாதி மேல் விழுந்தாள். ஒரே ரவுண்டு, மந்திரவாதி காலி. அவனை ஆடியவன் தன் பாத்திரத்தின் ஷீட்டைச் சத்தமில்லாமல் மடித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இனி குறை. நாடோடிகள் என்கிறார்கள், எங்கிருந்து எங்கே அலைகிறார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. தீவுக்குள் இருந்துகொண்டு கூடாரத்தை மடித்து மடித்து எவ்வளவு தூரம்தான் போவது? பட்டு நெய்தது யார், கடல் தாண்டி வந்ததா, குழந்தைகள் எங்கே, அவர்களுக்குச் சாமி உண்டா, எதுவும் இல்லை. தலைவனுக்குப் பெயர்கூட நான்தான் வைத்தேன். தெற்கே இருக்கிற டனரோவா கிராமத்துக்கு எழுதியதில் பாதி இடம் இவர்களுக்கு ஒதுக்கியிருக்கலாம். ஆட்டத்தை நடத்துகிற டிஎம்முக்குக் கற்பனை வேலை பிடிக்கும் என்றால் இது வரம், எல்லாம் தயாராக வேண்டும் என்கிறவர்களுக்குக் கடுப்புதான் வரும். பிந்தைய வருடங்களில் இந்த இனத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள், ராகாஸ்டாவாகவே ஆடவும் விதிகள் வந்தன. அவையெல்லாம் படிக்கச் சுகம், ஆனால் அந்தத் தாவல் வரி தந்த திடுக் எனக்கு அவற்றில் கிடைக்கவில்லை.

விளையாட்டு விதிகளின் ஐந்தாம் பதிப்பு மட்டுமே தெரியும் என்றால் குட்மேன் கேம்ஸ் 2018ல் போட்ட கெட்டி அட்டைப் பதிப்பைப் பாருங்கள், பழைய பக்கங்களும் இருக்கும், புதிய விதிகளுக்கு மாற்றியதும் இருக்கும். பழைய விதிகளே போதும் என்றால் பிடிஎஃப் தாராளம். வரைபடத்தை மட்டும் ஏ4ல் அச்சடிக்காதீர்கள், ஒரு அறுகோணத்துக்கு ஆறு மைல் கணக்கில் போட்ட படம், எண்கள் எல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிடுகின்றன. நான் இரண்டாவது தடவை ஏ3ல் எடுத்தேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஆட்கள் அடுத்த ஞாயிறு அந்தக் கூடாரத்துக்கே போகப்போகிறார்களாம், புது மந்திரவாதி மட்டும் வரமாட்டேன் என்கிறான்.